கிள்ளானில் எனக்கு யாரையும் தெரியாது

வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்வதற்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா? நான் போனேன். அதுவும் ஆசையாக, புதுப் பெட்டி வாங்கி, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற கையோடு, மனநல ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். "வசந்தி, இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று மதுரையில் கேட்காத உறவினர் பாக்கியில்லை. படிப்பின் கடைசிக் கட்டம் நேரடிப் பயிற்சி. எங்கள் கல்லூரிக்குக் கோலாலம்பூரில் ஒரு பயிற்சி மையத்தோடு தொடர்பு இருந்ததால் மூன்று வாரம் அங்கே போகச் சொன்னார்கள். மேற்பார்வையின்கீழ் உண்மையான ஒருவருக்கு ஆலோசனை தர வேண்டும். மொத்தம் மூன்று அமர்வுகள், மூன்றும் ஒரே ஆளோடு. மூன்றாவது அமர்வைப் பார்த்துத்தான் மதிப்பெண். வந்தவர் நடுவில் நின்றுவிட்டால் பயிற்சி நிறைவாகாது, அடுத்த வருஷம் திரும்ப வர வேண்டும். இன்னொரு வருஷம் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

மையம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதல் நாள் காலையில் தெருவில் இறங்கியதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக்கு வந்தால் மல்லிகைப்பூ மணக்கிறது. கடைப் பலகையில் தமிழ். எதிரே வந்தவர் போனில் தன் மச்சானைத் தமிழில் வறுத்தெடுத்துக்கொண்டு போகிறார். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஒருவர் வந்து, "அக்கா, ரொட்டி சானாய் கோசோங்கா, தெலோரா?" என்றார். விழித்தேன். "வெறும் ரொட்டியா, முட்ட போட்டதா?" என்று மொழிபெயர்த்தார். இரண்டும் என்றேன். வந்தது நம் பரோட்டாதான். ஆனால் வெளிநாடு போய்ச் செழித்துவிட்ட தம்பியைப் போல் பளபளவென்று இருந்தது. கூடவே பருப்புக் குழம்பும், இனிக்கிற சம்பலும், ஆற்றி ஆற்றி நுரை தள்ளிய தேத்தண்ணியும். முதல் வகுப்புக்கு ஏப்பத்தோடு போனேன்.

வகுப்பெடுத்தவர் டாக்டர் லீலா. பக்கத்து ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தத் தேவையும் இருக்காது. எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். ஒருவர் தன் உண்மையான கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும், ஒருவர் ஆலோசகர், இன்னொருவர் பக்கத்தில் இருந்து கவனிப்பவர். எனக்கு வாய்த்தவள் செந்தூலைச் சேர்ந்த ஷர்மிளா, இளம் ஆசிரியை. அம்மாவோடு தினமும் சண்டை என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தக் கிழமை விரதம் இருந்தால் வீட்டில் அமைதி வரும் என்றெல்லாம் சொல்லி, அவள் கேட்காமலேயே முடி கொட்டுவதற்கு ஒரு எண்ணெய்ப் பக்குவமும் சொல்லி முடித்தேன். எனக்கே பரம திருப்தி.

டாக்டர் லீலா அந்தப் பயிற்சியைப் பதிவுசெய்த வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன். ஷர்மிளா பொறுமையாகத் தலையசைத்து "உம்" கொட்டுகிறாள்.

"வசந்தி, இதுல கிளையன்ட் யாரு?" என்றார் டாக்டர் லீலா.

வகுப்பே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அன்று வீட்டுப்பாடம், யாருக்கும் எந்த யோசனையும் சொல்லாமல் ஒரு முழு நாள் இருக்க வேண்டும். மறுநாள் பாசாரில் பப்பாளி பொறுக்கிக்கொண்டிருந்த சீனப் பெண்மணியிடம், அது வேண்டாம், காம்புப் பக்கம் மஞ்சளாக இருப்பதை எடுங்கள் என்று சைகையிலேயே சொல்லிவிட்டேன். அவரும் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். வாயால் சொல்லவில்லையே என்று ஷர்மிளாவிடம் வாதாடினேன். "போங்க ஆன்டி, கை பேசினாலும் பேச்சுதான்லா" என்றாள்.

இந்தத் தொழிலில் இன்னொரு விதி இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மிடம் ஆலோசனைக்கு வருபவரை வெளியே எங்காவது பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது. சிரிக்கவும் கூடாது. இவரை எப்படித் தெரியும் என்று அவரோடு இருப்பவர்கள் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதனால் அவர் முதலில் கூப்பிட்டால் மட்டும் பேசலாம். இதை முதல் அமர்விலேயே அவரிடம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

"டாக்டர், எங்க மதுரைல தெரிஞ்சவங்களப் பாத்துட்டுப் பேசாமப் போனா அது மூணு தலைமுறைக்குப் பகை" என்றேன்.

"இங்கயும் அப்படித்தான். அதனாலதான் மொதல்லயே சொல்லிடணும்" என்றார் அவர்.

என் அமர்வுகள் கிள்ளானில், மையத்தின் இலவச ஆலோசனை அறையில். முதல் அமர்வு நாளில் பெருமையாகத் தனியாக ரயிலேறினேன். பெண்களுக்கென்றே ஒரு பெட்டி, ஜிலுஜிலு குளிர். பக்கத்தில் இருந்த மலாய் அம்மா வாழைப்பழ அப்பம் கொடுத்தார். தின்றுகொண்டே அவர் பேரக்குழந்தைகளின் படங்களை எல்லாம் பார்த்தேன். இருவருக்கும் பொதுவாகப் பத்துச் சொற்கள்கூட இல்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. செந்தூல் என்று ஒரு நிலையம் வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஷர்மிளாவின் வீடு கிள்ளானுக்கு நேர் எதிர்த் திசையில் என்று தெரியும். கையில் அப்பம் இருந்ததால் உறைக்கவில்லை. ரயில் கடைசி நிலையத்தில் நின்றது. இறங்கிப் பார்த்தால் பத்துமலை!

எத்தனை வருஷ ஆசை! "இப்ப இல்லப்பா முருகா, அப்புறம் வர்றேன்" என்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனில் ஒரு வாடகைக் கார் பிடித்தேன். வழியெல்லாம் நெரிசல். "ஜேம், ஆன்டி, ஜேம்" என்று ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். மூச்சிரைக்க நான் மாடியேறியபோது மெர்சி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மெர்சி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று கேட்டபோது, தாராளமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார், தன்னைக் கொஞ்சம் ஒல்லியாக எழுத வேண்டுமாம். ஆகவே, மெலிந்த உடல்வாகுள்ள மெர்சி, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். நாள் முழுக்க லோரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவர். அந்த அறையில் மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தாமதமாக வந்த பதற்றத்தில் அவசரமாக வீடியோவுக்குச் சம்மதம் வாங்கினேன். நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்றேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒன்னும் பெரிய பிரச்சன இல்லக்கா" என்று ஆரம்பித்தார். "என் வீட்டுக்காரர விட்டுட்டு வந்துட்டேன். அவரு நல்லவருதான். அடிக்கல, குடிக்கல. சர்ச்சுல நல்லாப் பாடுவாரு, எல்லாருக்கும் அவரப் புடிக்கும். எனக்குத்தான் அந்த வீட்டுல மூச்சு முட்டுச்சு. இத யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியல."

பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சர்ச்சு ஆளுங்க யாரும் என்னைத் திட்டல. திட்டினாகூடப் பரவால்ல. பார்த்தும் பார்க்காத மாதிரி போறாங்கக்கா. பாசார்ல என்னைப் பார்த்ததும் குனிஞ்சு மீனப் பார்க்குறாங்க. மீனுதான் என்னைப் பார்க்குது."

என் நாக்கில் பத்து யோசனைகள் வரிசை கட்டி நின்றன. வேறு சர்ச்சுக்குப் போங்கள். அவர்களிடம் நேராகப் போய்க் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். "மீனுதான் உங்களப் பாக்குது" என்று மட்டும் திருப்பிச் சொன்னேன். மெர்சி நிமிர்ந்து பார்த்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர்தான் பேசினார். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

இரண்டாவது அமர்வு இன்னும் நன்றாகப் போனது. அவர் அழுதார், நான் குறுக்கே விழவில்லை. டிஷ்யூவை எடுத்து நீட்டக்கூட இல்லை, மேசையில் இருந்தது, அவரே எடுத்துக்கொண்டார். சமுத்திரத்தையே வற்றவைத்துவிட்ட மாதிரி ஒரு பெருமிதம் எனக்கு. அன்று கிள்ளானில் கண்ணில் பட்டதை எல்லாம் தின்றேன். கறி பப், முறுக்கு, ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர். தெருவில் ஒருவர் நம் இடியாப்பத்தைப் புட்டுமாயம் என்று தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி விற்றார். அதிலும் இரண்டு தட்டு. மதுரையிலிருந்து கணவர் போனில், "பாடம் எப்படிப் போகுது?" என்றார். "ருசியாப் போகுது" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா தன் காரில் என்னைக் கிள்ளானுக்குச் சேலை பார்க்க அழைத்துப் போனாள். லிட்டில் இந்தியா தெருவில் சரியான கூட்டம். ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எதிரே மெர்சி வந்தார். சர்ச்சில் பூசை முடிந்து வருகிறார் போல, நல்ல உடுப்பு, தலையில் பூ. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கை பாதி உயர்ந்தது.

எனக்கோ விதி ஞாபகம் வந்தது. அவர் வாய் திறந்து கூப்பிடவில்லையே! சட்டென்று திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, தூக்கிப் பார்த்து, எல்லா அளவுக்கும் விலை கேட்டேன். திரும்பியபோது அவர் இல்லை.

"ஆன்டி, ஃபிளைட்டுல போற உங்களுக்குப் பக்கெட்டு எதுக்கு?" என்றாள் ஷர்மிளா. கடைக்காரர் முகத்தைப் பார்த்தால் வாங்காமல் வர முடியாது. சிவப்பில் ஒன்று வாங்கினேன். அதைக் கையில் மாட்டிக்கொண்டே, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடித்தேன். பேசாமல் இருந்துவிட்டேனே! என் வாழ்க்கையிலேயே தெரிந்த ஒருவரைப் பார்த்துப் பேசாமல் இருந்தது அன்றுதான். ஷர்மிளாவிடம்கூடச் சொல்ல முடியாததால் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் லீலாவிடம் பக்கெட் கதையை நடித்தே காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு, "மொத செஷன்லயே அவங்ககிட்ட இதப் பத்திச் சொல்லிட்டீங்கல்ல?" என்றார்.

  பத்துமலை, நெரிசல், மூச்சிரைப்பு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. "சொல்லவே இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். கிள்ளான் அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. நாளைய அமர்வை மெர்சி ரத்து செய்துவிட்டார். இனி வரப்போவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

முதலில் நினைத்தது என் மதிப்பெண்ணைத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. பிறகுதான் மீன் ஞாபகம் வந்தது. ஊரே தன்னைக் கண்டுகொள்ளாமல் போகிறது என்று சொல்லி அழுத பெண்ணை, அந்த ஊரின் நடுத்தெருவிலேயே நானும் கண்டுகொள்ளாமல் போயிருக்கிறேன். அவர்களாவது மீனைப் பார்த்தார்கள். நான் பக்கெட்டை.

"நான் நேர்ல போய்ப் பார்க்கிறேன் டாக்டர். போர்ட் கிள்ளான்ல எந்தக் கிடங்குன்னு கண்டுபுடிச்சிடுவேன்."

"கூடாது" என்றார். "அவங்களத் துரத்திட்டுப் போறது உங்க நிம்மதிக்கு. ஆபீஸ் மூலமா ஒரே ஒரு மெசேஜ் அனுப்பலாம். எழுதுங்க."

நான் எழுதியதைப் படிக்கப் போன் திரையை மூன்று முறை தள்ளிவிட வேண்டியிருந்தது. ரயில், முருகன், மன்னிப்பு, அவருடைய நல்ல குணங்கள் எல்லாம் இருந்தன. டாக்டர் லீலா ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். "ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று நேரில் சொல்ல விரும்புகிறேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்."

பதில் வரவில்லை. செவ்வாய் போனது, புதனும் போனது. பொழுது போகட்டும் என்று ஷர்மிளா என்னை மேரு என்ற ஊரில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனாள். சித்தி நண்டுப் பெரட்டல் வைத்திருந்தார். பயணத்தில் முதல் தடவையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ருசி இல்லயா?" என்று சித்தி பதறினார். மெர்சியோடு சேர்த்து இரண்டு பேரை வருத்தப்பட வைத்த கணக்கு. திரும்பி வரும் வழியில்தான் போன் ஒலித்தது. மெர்சி அலுவலகத்துக்குப் பதில் அனுப்பியிருந்தார், "நாளைக்கு வரேன்." காரிலேயே கத்திவிட்டேன். ஷர்மிளா பயந்து பிரேக் போட்டாள்.

மறுநாள் ரயிலில் ஏறும் முன் நான்கு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மெர்சிக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார், கீழே வைக்கவில்லை.

"மெர்சி, வெளில பாத்தா நானாப் போய்ப் பேசக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்கு. உங்க ரகசியத்தக் காப்பாத்துறதுக்கு. அத மொத நாளே நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

இதற்கு மேல் சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருந்தது. சொல்லவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.   மெர்சி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கெட்டுல அப்படி என்னக்கா இருந்துச்சு?"

"ஒன்னும் இல்ல."

"வாங்குனீங்களா?"

"வாங்கிட்டேன்."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்து, அது எங்கேயோ ஓரிடத்தில் அழுகையாக மாறி, திரும்பச் சிரிப்பாகி நின்றது. மெர்சி பையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போயி, இவங்களுக்கும் நம்மளப் பார்க்கப் புடிக்கல, நம்மகிட்டதான் ஏதோ இருக்குன்னு நெனச்சேன்" என்றார். "ஆனா நீங்க திரும்புனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அப்ப அவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்ல? என்ன பேசறதுன்னு தெரியாமகூட இருக்கலாம். நானும்தான் யாருகிட்டயும் போயி நின்னதே இல்ல. அவங்க குனியறதுக்கு முந்தியே நான் வேற சந்துல திரும்பிடுவேன்."

இதை நான் சொல்லியிருந்தால் அறிவுரை. நல்லவேளை, நான் சொல்லவில்லை.

கிளம்பும் முன், "வெளிய பார்த்தா நான் கூப்பிடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா. கூப்பிட்டா பேசுவேன். என்னை யாருன்னு சொல்றதும் உங்க இஷ்டம். கூப்பிடலன்னா உங்களத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன்."

டாக்டர் லீலா வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, தேறிவிட்டதாகச் சொன்னார். முதல் அமர்வில் விட்டதற்கு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். குறைக்கட்டும்! மாடியிலிருந்து இறங்கி, கீழே பூக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் என் செலவில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி ஞாயிறு, விமானத்துக்கு முன் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். நானும் ஷர்மிளாவும் உட்கார்ந்த கடையில் ஒரு நீள மேசையில் பூசை முடிந்து வந்த பெண்கள் கலகலவென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு மெர்சி தனியாக உள்ளே வந்தார்.

நீள மேசையில் பேச்சு நின்றது. ஒருவர் போனை எடுத்தார். ஒருவர் இலையில் இல்லாத எதையோ தேடினார். மீனைப் பார்த்தவர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மெர்சிக்குக் கை காட்ட வேண்டும், இங்கே வாங்க என்று கூவ வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. குனிந்து சோற்றைப் பிசைந்தேன். மெர்சி கதவருகேயே நின்றார். திரும்பி வெளியே போய்விடுவாரோ என்று பயந்தேன். அப்படிப் போயிருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க முடியாது. அவரும் நானும் முன்பின் தெரியாதவர்கள்.

"வசந்திக்கா!"

கடையே திரும்பிப் பார்த்தது. லோரிக்காரர்களை அதட்டும் குரல். மெர்சி நேராக வந்து என் தோளில் கை வைத்து நின்றார். பிறகு அந்த மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஃபிலோ ஆன்டி, இவங்க வசந்திக்கா. மதுரைலேர்ந்து வந்திருக்காங்க. என்னோட கவுன்சிலர். வீட்ட விட்டு வந்ததுலேர்ந்து எனக்குப் பேச ஆளே இல்ல, அதான் இவங்ககிட்டப் போனேன்."

 மெர்சியின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அந்த மேசைக்குச் சொல்ல என்னிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன, படித்து வாங்கியவை. ஒன்றையும் எடுக்கவில்லை. 

ஃபிலோ ஆன்டி என்று மெர்சி கூப்பிட்ட அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கியே" என்றார், மெர்சியின் முகத்தைப் பார்த்து. "ஒக்காரு லா. தம்பி, இங்க இன்னொரு எல போடுங்க."

மெர்சியின் கை என் தோளிலிருந்து மெல்ல எழுந்தது. அவர் போய் உட்கார்ந்தார்.